மனுசிக்கு ஹார்ட் வால்வு ஒப்பரேசன்: திருகோணமலையில இருந்து போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

என்ட மனுசிக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின்ட இடப்பக்கத்து வால்வு ஒண்டு) மாத்தினது. சின்ன வயசில வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கி வச்சிருந்தது, கலியாணம் கட்டி கனகாலத்துக்குப் பிறகுதான் இளைப்பு தொடங்கினது. அந்த நேரம் எங்களுக்கு யாரும் ஒழுங்காச் சொல்லித் தரல, கேட்டா ஆளுக்கொரு கதை சொன்னாங்க. அதால அடுத்தவங்க எங்களப் போல அலையக்கூடாது எண்டுதான் இத எழுதுறன். நான் டொக்டர் இல்ல. மருந்து விசயத்தில உங்கட டொக்டர் சொல்றதுதான் கடைசி முடிவு. மனுசனுக்கு பைபாஸ் எண்டு வாசிக்கிற பொம்பிளைகளுக்கும் இதில முக்கால்வாசி பொருந்தும்.

ஒப்பரேசன டொக்டர் பாத்துக்கொள்ளுவார். அதுக்கு முதலும் பிறகும் இருக்கிற வேலை முழுக்க எங்கட தலையிலதான்.

1. முதல் வேலை ஃபைல்

ஒரு நல்ல பெட்டி ஃபைல் வாங்குங்க, மழை பெய்ஞ்சாலும் நனையாதது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், ஈசிஜி, ஆஞ்சியோ (இதயத்து ரத்தக்குழாய்ப் படம்) செய்தா அதின்ட ரிப்போர்ட்டும் சீடியும், ரத்த ரிப்போர்ட், பழைய டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியால விடேக்க தாற அட்டை) எல்லாம், கிளினிக் கொப்பி, ரெஃபரல் கடிதம், அடையாள அட்டை, கலியாணப் பதிவு, ஜிஎஸ் (கிராம சேவகர்) சான்றிதழ், பேங்க் புத்தகத்தின்ட முதல் பக்கம், இவ்வளவும் அதுக்குள்ள இருக்கவேணும். எல்லாத்திலயும் நாலைஞ்சு போட்டோ கொப்பி முதலே எடுத்து வையுங்க, கொழும்பில ஆஸ்பத்திரி வாசல்ல கொப்பி எடுக்கப் போனா அங்கயும் கியூதான். ஒவ்வொண்டையும் போனிலயும் படம் எடுத்து வையுங்க.

ஒரிஜினல யார் கேட்டாலும் கையால குடுத்துட்டு வராதீங்க. ஒரு இடத்தில எங்கட எக்கோ ரிப்போர்ட் ஒரிஜினல வாங்கி வச்சுட்டு பிறகு காணேல்ல எண்டுட்டாங்க, திரும்பக் காசு கட்டி எடுக்க வேண்டி வந்தது. குடுத்தே ஆகவேணும் எண்டா எந்தக் கவுண்டர்ல எந்தத் திகதி எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்க.

குடிக்கிற மருந்து லிஸ்ட் தனியா ஒரு பேப்பர்ல வேணும். பேர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது எண்டது எல்லாம். இதத்தான் போற இடமெல்லாம் கேப்பாங்க.

2. எங்க செய்யிறது, எவ்வளவு காலம் காத்திருக்கிறது

திருகோணமலை ஆஸ்பத்திரியில கிளினிக் பாக்கலாம், எக்கோ எடுக்கலாம், ஆனா நெஞ்சைத் திறந்து செய்யிற ஒப்பரேசனுக்கு வெளிய போகத்தான் வேணும். அரசாங்கத்தில கொழும்பு தேசிய ஆஸ்பத்திரி, கண்டி, காலி கராப்பிட்டிய, யாழ்ப்பாணம் இந்த இடங்களில செய்யிறாங்க. ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரி அரசாங்கத்தின்டதுதான், ஆனா காசு கட்டவேணும், பிரைவேட்ட விடக் குறையும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் இலவசம், லிஸ்ட்தான் நீளம். மாசக்கணக்கில போகும், சில பேருக்கு அதுக்கும் மேல. பேர் பதிஞ்சாச்சு எண்டு வீட்டில இருந்துடாதீங்க. குடுத்த கிளினிக் திகதி ஒண்டும் விடாமப் போங்க, போன் நம்பர் மாறினா உடனே சொல்லுங்க, அவங்க கூப்பிடேக்க லைன் வேலை செய்யாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும். காத்திருக்கிற காலத்தில இளைப்பு கூடினா, படுக்கேலாம எழும்பி இருந்தா, கால் வீங்கினா, இருமலோட ரத்தம் வந்தா அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நோயின்ட நிலைமை மாறினா லிஸ்ட்ல இடமும் மாறலாம்.

இடம் தெரிவு செய்யேக்க தூரத்தையும் யோசியுங்க. கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், கண்டி 180. பிறகு செக்கப்புக்கும் அங்கதான் போகவேணும். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு மொழிப் பிரச்சினை இல்ல, அது சின்ன விசயம் இல்ல பாருங்க. கொழும்பில டொக்டர்மார் அனேகமா இங்கிலீஷிலயாவது விளங்கப்படுத்துவாங்க, ஆனா இரவு டியூட்டி மிஸிக்கு (நர்ஸுக்கு) நோவு எங்க எண்டு சொல்றதுக்கு மனுசிக்கு சிங்களத்தில பத்து வார்த்தையாவது தெரியவேணும். நோகுது, மூச்சு எடுக்கேலாது, தண்ணி வேணும், சத்தி வருது, இதுகளின்ட சிங்களச் சொல்லத் தமிழ் எழுத்திலயே ஒரு கார்ட்ல எழுதி அவவின்ட கையில குடுத்து விடுங்க.

3. எந்த வால்வு எண்டு கேப்பாங்க

இதுக்கு முதலே புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் இருந்து கதைச்சு வையுங்க. மெட்டல் வால்வு கனகாலம் இருக்கும், ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுக்கப் போடவேணும். டிஷ்யூ வால்வுக்கு (மிருகத் திசுவில செய்தது) அனேகமா அப்பிடி வாழ்நாள் மருந்து தேவையில்ல, ஆனா பத்துப் பதினைஞ்சு வருசத்தில பழுதாகும், வயசு குறைஞ்சவங்களுக்கு இன்னும் கெதியாப் பழுதாகலாம், அப்ப திரும்ப ஒப்பரேசன்.

பிள்ளை பெறுற எண்ணம் இருந்தா இதக் கட்டாயம் டொக்டரிட்ட வாய் திறந்து சொல்லுங்க. வார்ஃபரின் வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாது, முக்கியமா முதல் மாசங்களில. மெட்டல் வால்வோட கர்ப்பம் எண்டது தாய்க்கும் பெரிய ஆபத்து. மாமியார் பக்கத்தில நிக்கிறா எண்டு கூச்சப்பட்டு இந்தக் கதையக் கதைக்காம விட்டவங்க இருக்கிறாங்க. வோட்டில (வார்டில) கதைக்கேலாட்டி கிளினிக்கில தனியா ரெண்டு நிமிசம் கேளுங்க. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையும் நீங்களாக் கடையில வாங்கிக் குடுக்காதீங்க, சில மாத்திரை ரத்தம் உறையிறதக் கூட்டும்.

வால்வு ஆஸ்பத்திரியே தருமா, நாங்க வாங்கிக் குடுக்கவேணுமா எண்டதையும் அப்பவே கேளுங்க.

4. காசு

பிரைவேட் எண்டா பத்து லட்சத்தைத் தாண்டும் எண்டு வச்சுக்கொண்டு தொடங்குங்க. பக்கேஜ் எண்டு சொல்ற தொகைக்குள்ள என்ன அடங்கும் எண்டு எழுத்தில கேளுங்க. வால்வு, ஐசியூவில கூட ஒரு நாள் நிண்டா அந்தக் காசு, ரத்தம், சர்ஜன்ட ஃபீஸ், இதில எது வெளிய நிக்குது எண்டு பாக்காமக் கையெழுத்து வைக்கக்கூடாது.

ஜனாதிபதி நிதியம்: 2025 பெப்ரவரியில இருந்து கொழும்புக்கு ஓடத் தேவையில்ல, பிரதேச செயலகத்திலயே விண்ணப்பம் குடுக்கலாம். டவுன்ல இருக்கிறவங்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், கிண்ணியா, மூதூர் ஆக்களுக்கு அவங்கட இடத்திலயே. ஜிஎஸ் சான்றிதழ், வருமான விபரம், டொக்டர்ட கடிதம், ஆஸ்பத்திரியின்ட செலவு மதிப்பீடு எல்லாம் வேணும். ஒப்பரேசனுக்கு முதலே குடுங்க. முடிஞ்ச பிறகு பாப்பம் எண்டு விட்டா சிக்கல். ஜிஎஸ் எந்த நாள் ஒபிஸ்ல இருப்பார் எண்டு கேட்டுட்டுப் போங்க, இல்லாட்டி ஒரு கிழமை வீணாப் போகும்.

நீங்களோ அவவோ கம்பனியில வேலை எண்டா ஊழியர் நம்பிக்கை நிதியத்தில, அதான் ஈடிஎஃப், ஹார்ட் ஒப்பரேசனுக்கு உதவி இருக்கு. அரசாங்க வேலை எண்டா அக்ரஹாரா (அரசாங்க ஊழியர் மருத்துவ இன்சூரன்ஸ்), அதில மனுசன் மனுசியும் அடங்கும். ரெண்டுக்கும் ஃபோம் முதலே எடுத்து வையுங்க, டொக்டர் நிரப்பிக் கையெழுத்து வைக்கிற பகுதி இருக்கும், துண்டு வெட்டுற (ஆஸ்பத்திரியால வீட்ட விடுற) அண்டைக்கே அத நிரப்பி வாங்கினா பிறகு ஒரு கையெழுத்துக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்ல. கிளெய்முக்கு எத்தினை நாளுக்குள்ள குடுக்கவேணும் எண்டதையும் கேட்டு ஃபைல்ல எழுதி ஒட்டுங்க.

பிரைவேட் இன்சூரன்ஸ் இருந்தா ஒரு பொறி இருக்கு. சின்ன வயசில இருந்து ருமாட்டிக் எண்டு டயக்னோசிஸ் கார்ட்ல இருந்தா, இது பொலிசி எடுக்க முதலே இருந்த வருத்தம் எண்டு தட்டிக்கழிப்பாங்க. அட்மிட் ஆக முதலே எழுத்தில பதில் வாங்குங்க, போன்ல ஓம் எண்டு சொன்னது செல்லாது.

இதுக்கெல்லாம் மேல எங்கட தங்குற சாப்பாட்டுச் செலவு. அதுதான் சத்தமில்லாம ஏறும். கொழும்பு எண்டா வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் ஆக்களின்ட ரூம் கிடைக்கும், நாள் வாடகைய விட கிழமை வாடகை கதைச்சா குறையும். ரத்தத்துக்கு ஆள் பிடிச்சுத் தாறன் எண்டு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. இலங்கையில 2014 இல இருந்து ரத்தம் முழுக்க தன்னார்வமாக் குடுக்கிறவங்களிட்ட இருந்துதான் எடுக்கிறாங்க.

5. அட்மிட் ஆக முதல்

பல்லு. வால்வு ஒப்பரேசனுக்கு முதல் பல் டொக்டர்ட கடிதம் கேப்பாங்க, சொத்தைப் பல்லில இருக்கிற கிருமி ரத்தத்தால போய் புது வால்வில ஒட்டும் எண்டதுதான் காரணம். திகதி வந்த பிறகு பல்லுப் பிடுங்கினா காயம் ஆறுற மட்டும் ஒப்பரேசன் தள்ளும், லிஸ்ட்ல நிக்கிற காலத்திலயே இத முடியுங்க.

ஏற்கனவே ரத்தம் இளக்கிற மாத்திரை போடுறா எண்டா அத எப்ப நிப்பாட்டுறது எண்டு சர்ஜன்ட ஆக்களிட்டயே கேளுங்க, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க எண்டு நிப்பாட்டக்கூடாது. தடிமன் காய்ச்சல் இருந்தா மறைக்காமச் சொல்லுங்க.

தாலி. தியேட்டருக்குப் போகேக்க கழுத்தில காதில கையில ஒண்டும் இருக்கேலாது, மெட்டி, காப்பு, மூக்குத்தி, நகப்பூச்சு எல்லாம் எடுக்கச் சொல்லுவாங்க, தாலிக்கொடியும்தான். இத ஆஸ்பத்திரிக் கட்டிலடியில நிண்டு அழுதுகொண்டு கதைக்காம, பத்திரகாளி கோயிலுக்கோ கோணேசருக்கோ போய்க் கும்பிட்டுட்டு வீட்டிலயே பெரியாக்கள் முன்னால கழட்டி சாமியறையில வச்சுட்டுப் போங்க. நாங்க அப்பிடித்தான் செய்தம். அம்மம்மாமாருக்கும் அது மனசுக்குச் சரியா இருக்கும், தங்கமும் களவு போகாது.

பையில வைக்கவேண்டியது: முன்பக்கம் முழுக்க பட்டன் வச்ச நைட்டி நாலைஞ்சு, ஏனெண்டா தலைக்கு மேலால கை தூக்கிப் போடேலாது. முன்பக்கம் கொக்கி வச்ச மெத்தையான பிரா, கம்பி இல்லாதது, அளவில ஒண்டு பெரிசா. நெஞ்சின்ட பாரம் காயத்த இழுக்காம இருக்க இது உதவும், டொக்டர் எப்ப போடலாம் எண்டு சொல்லுவார். கடையில கேக்க வெக்கமா இருக்கும் எண்டு நினைக்கிற ஆம்பிளைகள் மனுசிய லிஸ்ட்ல நிக்கேக்கயே கூட்டிக்கொண்டு போய் வாங்குங்க. சின்னத் தலகாணி ஒண்டும் கட்டாயம்.

இன்னொண்டு. பொம்பிளை வோட்டில இரவில ஆம்பிளை நிக்க விடமாட்டாங்க. நீங்க எவ்வளவு பாசமா இருந்தாலும் வாசலுக்கு வெளியதான். அதால மச்சாள், அக்கா, சித்தி யாராவது ஒருத்தர முதலே கேட்டு வையுங்க, ரெண்டு பேர் மாறி மாறி எண்டா நல்லம். லீவ முழுக்க ஒப்பரேசனுக்கு முதல் எடுத்து முடிச்சுடாதீங்க, திகதி தள்ளிப் போறது சாதாரணம், ஐசியூ கட்டில் இல்லாட்டியும் தள்ளும். வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கட லீவுக்கு உண்மையான தேவை.

6. ஒப்பரேசனும் ஐசியூவும்

நாலு அஞ்சு மணித்தியாலம் போகும், சிலவேளை கூட. லேட்டாகுது எண்டு உடன பயப்படாதீங்க, உள்ள கொண்டு போன நேரமும் தொடங்கின நேரமும் ஒண்டில்ல.

ஐசியூவில முதல் தரம் பாக்கேக்க மனசத் திடமா வச்சுக்கொண்டு போங்க. முகம் ஊதி இருக்கும், வாயில குழாய், கழுத்தில லைன், நெஞ்சுக்குக் கீழால டியூப்ல ரத்தத் தண்ணி போய்க்கொண்டிருக்கும், கையக் கட்டி வச்சிருப்பாங்க, குழாயப் பிடுங்காம இருக்கத்தான் அது. பேரச் சொல்லிக் கதையுங்க, அவவுக்குக் கேக்கும். பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு போகாதீங்க.

குழாய் எடுத்த பிறகு சில பேர் ஒரு மாதிரிக் கதைப்பாங்க. செத்துப்போன அப்பா வந்து நிக்கிறார், மிஸி நஞ்சு போடுறா எண்டெல்லாம். மயக்க மருந்து, நித்திரை இல்லாதது, மெசின் எல்லாம் சேர்ந்து வாற குழப்பம், அனேகமா சில நாளில தெளியும். மிஸிக்கு உடன சொல்லுங்க, அவவோட வாதாடாதீங்க. ஊரில போய்ப் பேய் பிடிச்சது எண்டு கதை பரப்புற சொந்தக்காரருக்கு இதச் சொல்லவே வேணாம்.

வோட்டுக்கு வந்ததும் வாயால மூச்ச இழுக்கிற மூண்டு பந்து மெசின் ஒண்டு தருவாங்க அல்லது வாங்கச் சொல்லுவாங்க. அத இழுக்கப் பஞ்சிப்பட விடாதீங்க, சளி கட்டினா நியூமோனியா. இருமேக்க தலகாணிய நெஞ்சோட இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க.

7. துண்டு வெட்டி வீட்ட வாறது

பஸ் வேணாம், ஓட்டோவும் வேணாம். வான் பிடியுங்க. பின் சீட்டில இருத்தி, பெல்ட் கட்டாயம் போட்டு, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில தலகாணி. குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் எண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறக்கி அஞ்சு நிமிசம் நடக்க விடுங்க, கால்ல ரத்தம் கட்டாம இருக்க. டிரைவருக்கு முதலே சொல்லுங்க இது கலியாண ட்ரிப் இல்ல எண்டு.

வெளிக்கிட முதல் கையில இருக்கவேண்டியது: டயக்னோசிஸ் கார்ட், வால்வின்ட கார்ட் (எந்த வகை, எந்த சைஸ் எண்டு இருக்கும், அத எப்பவும் அவவின்ட பேர்ஸ்ல வையுங்க), வார்ஃபரின் கொப்பி, அடுத்த ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாக்கிறது) எந்த நாள் எங்க, தையல் எப்ப வெட்டுறது, திருகோணமலை கிளினிக்குக்கு ஒரு கடிதம்.

8. வீட்டில முதல் ரெண்டு மூண்டு மாசம்

வெட்டின நெஞ்செலும்பக் கம்பியால கட்டி வச்சிருக்கு. அது பொருந்த ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, முழுசா வலுவாக மூண்டு மாசம். அது மட்டும் தண்ணிக் குடம், பிள்ளை, அரிசி மூட்டை ஒண்டும் தூக்கக்கூடாது, தேங்காய் திருவக்கூடாது, கிணத்தில அள்ளக்கூடாது, கையை ஊண்டி எழும்பக்கூடாது. கட்டிலால எழும்ப பக்கவாட்டில உருண்டு கால முதல்ல கீழ விடவேணும், நீங்க முதுகுக்குக் கை குடுக்கலாம், கையப் பிடிச்சு இழுக்கக்கூடாது.

தலை இழுக்கிறது எங்கட வேலை. எனக்குப் பின்னல் வராது, முதல் கிழமை ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெல்லிசுமாத்தான் வந்தது, அவ கண்ணாடியப் பாத்துட்டுச் சிரிச்சா, சிரிக்க நெஞ்சு நொந்தது எண்டு தலகாணியத் தேடினா.

நடை ஒவ்வொரு நாளும். முதல்ல வீட்டுக்குள்ள அஞ்சு நிமிசம், பிறகு ஒழுங்கை முனை மட்டும், பிறகு பின்னேர வெயில் தாழ்ந்த பிறகு டச்சு பே கரையில. கதைச்சுக்கொண்டு நடக்க முடிஞ்சா வேகம் சரி. காயம் ஆறி டொக்டர் சொல்ற மட்டும் கடல், குளம், கன்னியா வெந்நீர் ஒண்டும் வேணாம், மெல்லத் தண்ணி ஊத்திக் குளிச்சு ஒத்தி எடுத்தா காணும்.

உப்பக் குறைக்கவேணும். கருவாடு, மாசி, அச்சாறு, அப்பளம், சூப் கட்டி, இந்த அஞ்சும் எங்கட வீடுகளில கனக்க உப்பக் கொண்டு வரும். மலச்சிக்கல் வர விடாதீங்க, முக்கக்கூடாது. கோபம், அழுகை, நித்திரையின்மை எல்லாம் வரும், காரணம் கேட்டு நச்சரிக்காதீங்க, கிழமைக்கணக்கில குறையாட்டி கிளினிக்கில சொல்லுங்க. புருசன் பெண்சாதி உறவப் பற்றி யாரும் கேக்கமாட்டாங்க, நானே சொல்றன்: ரெண்டு மாடிப் படி இளைப்பில்லாம ஏறக்கூடியதா இருந்தா அனேகமா பயமில்ல, ஆறு எட்டுக் கிழமைக்குப் பிறகு, நெஞ்சில பாரம் விழாம.

பாக்க வாறவங்க. தடிமனோட வாறவர வாசலோட அனுப்புங்க, அவங்கட மனம் நொந்தாலும் பரவாயில்ல.

9. வார்ஃபரின், இதத்தான் ரெண்டு தரம் வாசிக்கவேணும்

ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், பின்னேரம் ஆறு மணி எண்டு வச்சா நல்லம். மாத்திரையின்ட நிறத்த நம்பாதீங்க, கம்பனிக்குக் கம்பனி மாறலாம், எத்தனை மில்லிகிராம் எண்டத வாசியுங்க. ஒரு நாள் மறந்துட்டா அண்டைக்கு இரவுக்குள்ள ஞாபகம் வந்தாப் போடலாம், அடுத்த நாள் எண்டா விட்டுடுங்க, ரெண்டு நாள் மருந்தச் சேத்துப் போடவே கூடாது. மைட்ரல் மெட்டல் வால்வுக்கு ஐஎன்ஆர் அனேகமா 2.5 க்கும் 3.5 க்கும் நடுவில வைப்பாங்க, உங்கட இலக்க கொப்பியில எழுதி வாங்குங்க. குறைஞ்சா வால்வில ரத்தம் கட்டும், கூடினா ரத்தம் போகும்.

கீரை சாப்பிடலாம், ஆனா அளவு ஒரே மாதிரி. ஒப்பரேசன் முடிஞ்ச வீடு எண்டு ஆளாளுக்கு வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி கட்டுக் கட்டாக் கொண்டு வருவாங்க, ஒரு கிழமை மூண்டு நேரமும் குடுத்தா ஐஎன்ஆர் விழும். நாட்டு மருந்து, உள்ளி மாத்திரை, கடையில சும்மா வாங்குற நோவு மாத்திரை ஒண்டும் டொக்டரக் கேக்காமக் குடுக்கக்கூடாது. எந்த டொக்டரிட்ட எந்த வருத்தத்துக்குப் போனாலும் முதல் வசனம் "வார்ஃபரின் போடுறா" எண்டதா இருக்கட்டும், சில அன்டிபயோட்டிக்கும் ஐஎன்ஆர ஏத்தும். மாசவிலக்கு முந்தி விடக் கூடப் போனா கிளினிக்கில சொல்லுங்க, நாள் தள்ளினா அண்டைக்கே போங்க.

ருமாட்டிக்காரருக்கு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா போடுற பென்சதின் பெனிசிலின் ஊசிய வால்வு மாத்தியாச்சு எண்டு நிப்பாட்டுறவங்க கனபேர். டொக்டர் நிப்பாட்டச் சொன்னால் ஒழிய தொடரவேணும். வார்ஃபரின் போடுறா எண்டு ஊசி போடுறவருக்கும் சொல்லுங்க. பல்லுப் பிடுங்க முதல் அன்டிபயோட்டிக் வேணும், அது எப்பவும்.

10. எப்ப ஓடவேணும்

மெட்டல் வால்வு இரவில டிக் டிக் எண்டு கேக்கும், பக்கத்தில படுத்தா எங்களுக்கும் கேக்கும். கொஞ்ச நாளில பழகிடும். அந்தச் சத்தம் மங்கினாலோ நிண்டாலோ, திடீர் இளைப்பு வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் ஒரு பக்கம் இழுத்தாலோ, மயங்கினாலோ, தலையில அடிபட்டாலோ, ரத்தம் நிக்காமப் போனாலோ, மலம் கறுப்பாப் போனாலோ உடன 1990 க்கு அடியுங்க, சுவசெரிய ஆம்புலன்சுக்குக் காசு இல்ல.

38 பாகைக்கு மேல காய்ச்சல், காயத்தில ஊனம் (சீழ்) வடியிறது, நெஞ்செலும்பு அசையிற மாதிரிக் கிளிக் எண்டு சத்தம், படபடப்பு, ரெண்டு மூண்டு நாளில ரெண்டு கிலோ நிறை கூடினது, இதுகளுக்கு அண்டைக்கே ஆஸ்பத்திரி. நிறைய ஒவ்வொரு நாள் காலமையும் ஒரே தராசில பாத்து எழுதுங்க. ஆம்புலன்ஸ் வந்தா என்ன சொல்றது எண்டு ஒரு தாளில பெரிசா எழுதிக் கதவுக்குப் பின்னால ஒட்டுங்க: பேர், ரத்த வகை, மைட்ரல் மெட்டல் வால்வு, வார்ஃபரின் எத்தனை மில்லிகிராம், கடைசி ஐஎன்ஆர், ஒத்துக்கொள்ளாத மருந்து. நீங்க வீட்டில இல்லாத நேரம் பிள்ளையாவது அத வாசிச்சுச் சொல்லும். ஐஎன்ஆர் மாற மாற அந்த வரிய பென்சிலால அழிச்சு எழுதுங்க.